சூடா, குளிர்ச்சியா

தெரியாத பழம் ஒன்றைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பெயர் கேட்க மாட்டேன், உரிக்கும் வகை கேட்க மாட்டேன், முதலில் கடித்துவிடுவேன், கேள்வியெல்லாம் அப்புறம்தான். இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அதில் ஒரு பழத்தைப் பற்றியும், அதை ஒட்டி நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் இப்போது எழுதிவிடப் பார்க்கிறேன். இரண்டு முறை எழுத ஆரம்பித்து எழுந்து போயிருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிறவி நான்.

திருச்சிப் பக்கத்தில் மழை பெய்தால் ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊர் எங்களுடையது. அங்கே பழம் என்றால் இலந்தை, விளா, வேலியோரத்துக் கொய்யா. அங்கிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு, இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தேன். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவிசாவளையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு கூடையில் கருஞ்சிவப்பாய், உருண்டையாய், தலையில் பச்சைக் குல்லாய் வைத்த பழங்களைப் பார்த்தேன். மங்குஸ்தான். ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தேன். வாயெல்லாம் கசப்பு. துப்பினேன், துப்பியது வேட்டியில் விழுந்தது. கூடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஒரு பழத்தை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிளந்து, உள்ளேயிருந்த வெள்ளைச் சுளைகளைக் காட்டினான். அதைத் தின்றபோது கசப்பு, வேட்டி, சிரிப்பு எல்லாம் மறந்துபோயின. ஆனால் வேட்டிக் கறை போகவில்லை. மறுநாள் தோட்டத்துத் துரை முன்னால் போய் நின்றபோது அவர் கறையைப் பார்த்துவிட்டு, வெற்றிலை துப்புகிற வாத்தியார் வேண்டாம் என்று கங்காணியிடம் சொன்னாராம். கங்காணி பரிந்து பேசித்தான் வேலை தங்கியது.

அதற்குப் பிறகும் திருந்தவில்லை. மஞ்சளாய், குட்டிப் பூசணி மாதிரி கோடு விழுந்த ஒன்றை மரத்தடியில் பொறுக்கி முழுதாகத் தின்றேன். அது கொறக்காய். மீன் குழம்புக்குப் புளிக்குப் பதிலாகக் காயவைத்துப் போடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் பல் கூசிச் சோறு மெல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் தீபாவளி. ரம்புட்டானை முதலில் பார்த்தபோது கம்பளிப்பூச்சிக் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கினேன். ஐந்து நிமிஷம் கழித்து அதே கொத்தில் பாதியைக் காலி செய்திருந்தேன்.

எல்லாவற்றையும் தனியாகத்தான் தின்றேன். மனைவி தொடமாட்டாள். ஒரு சுளையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பாள்.

"சூடா, குளிர்ச்சியாங்க?"

அது அவளுடைய கேள்வி மட்டும் இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். அந்த லயம் முழுவதும் அதே கேள்விதான். சனங்கள் ஊரிலிருந்து வரும்போது பித்தளைச் சொம்பையும் அம்மன் படத்தையும் கொண்டுவந்ததோடு இந்தக் கணக்கையும் கொண்டுவந்திருந்தார்கள். பப்பாளி சூடு, அன்னாசி சூடு, மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி, எலுமிச்சை குளிர்ச்சி. வாயில் போகிற எதுவும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கியாக வேண்டும். இந்த மலையில் விளைந்த பழங்களோ அந்தக் கணக்கில் இல்லை. ஊரில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திராத பழத்துக்கு யார் தீர்ப்புச் சொல்வது? ஆகவே லயத்துப் பெண்கள் தாங்களாகவே சட்டம் போட்டுக்கொண்டார்கள். பலாவுக்கு முள் உண்டு, பலா சூடு, எனவே முள் உள்ளதெல்லாம் சூடு. இளநீர் வழுக்கை வெள்ளை, அது குளிர்ச்சி, எனவே உள்ளே வெள்ளையாய் இருப்பதெல்லாம் குளிர்ச்சி. மங்குஸ்தான் இப்படித்தான் தேறியது. ரம்புட்டான் வெளியே முள் போன்ற முடியும் உள்ளே வெள்ளையுமாய் இருந்து தொலைத்ததால் இரண்டு லயங்களுக்கு நடுவே ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை.

நான் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பேன். என் மனைவிக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. முதலாவது ஊரில், மூன்றாம் மாதத்தில். இரண்டாவது இங்கே, ஐந்தாம் மாதத்தில். அது ஆண் பிள்ளை. இப்போது மூன்றாவது தடவை, ஆறாம் மாதம். அவ்வளவு தூரம் முன்பு வந்ததே இல்லை. அவள் சோறு, பருப்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. நடக்கும்போது ஒரு கை வயிற்றில் இருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகட்டும் என்றால், கப்பலும் ரயிலும் வண்டியும் குலுக்கும் என்று அவளே மறுத்துவிட்டாள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும். எங்கள் காம்பராவில், லயத்து ஒற்றை அறையில், அந்த ஆறு மாதமும் வேறு எந்த நினைப்பும் இல்லை.

ஆடி மாதம். மழை விட்டபாடில்லை. பால்வெட்டு இல்லாத நாட்கள் தொடர்ந்து வந்தன. ரப்பர் மரத்துப் பட்டை ஈரமாயிருந்தால் வெட்ட முடியாது. சனங்கள் லயத்துக்குள் அடைந்துகிடந்தார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். நாங்கள் அதை நாடு என்போம். ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு நாட்டுப் பக்கம் இறங்கினேன். காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டபடி போகும்போது ஒரு வாடை வந்தது. செத்த எலியா, அழுகிய வெங்காயமா, நெய்யில் வறுத்த ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாடை. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். நான் வாடை வந்த திசையில் போனேன்.

ஒரு வீட்டு முற்றத்தில், பலாவைவிடக் கூரிய முள் அடர்ந்த தூரியன் பழங்கள் கிடந்தன. வீட்டுக்காரர் ஒன்றை வெட்டித் தந்தார். மஞ்சள் கலந்த வெண்ணிறச் சுளை. வாயில் வைத்தேன். முதலில் குமட்டியது. இரண்டாவது விள்ளலில் குமட்டல் நின்றது. மூன்றாவதில், இப்படியொன்றைத் தனியாகத் தின்பது பாவம் என்று தோன்றிவிட்டது. அதுதான் நடந்தது, அதற்கு மேல் எனக்கு வேறு நியாயம் கிடையாது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பழத்தையும் தனியாகத் தின்று, தனியாக வியந்து அலுத்துப்போயிருந்தேன். ஒரு பழத்தைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். முள் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

காம்பராவுக்குள் நுழைந்ததுமே அவள் முந்தானையால் மூக்கை மூடினாள். நான் வெட்டி, சுளையை வாழையிலையில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். முந்தானை மெல்ல இறங்கியது.

"சூடா, குளிர்ச்சியாங்க?"

"குளிர்ச்சிதான். நாட்டுல நல்லா விசாரிச்சிட்டுத்தான் கொண்டாந்தேன்."

யாரையும் விசாரிக்கவில்லை. பழத்தைக் கொடுத்த மனிதரிடம் விலைகூடக் கேட்கவில்லை. அவர் சும்மாதான் கொடுத்தார். பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சுளை எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். நான்தான் சிரிக்கவைத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்த நிமிர்வு கால்மணி நேரம் நின்றது. பழத்தின் முள் ஓட்டை எறியப் போனபோது, நாட்டிலிருந்து தலைச்சுமையாக வெற்றிலை கொண்டுவருகிற சிங்களத்தி எதிரே வந்தாள். ஓட்டைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் சனங்களோடு பழகி, பாதித் தமிழ் பேசுவாள்.

"மாத்தயா தூரியன் தின்னதா? நல்லம். ஆனா சரியான கினியம். புள்ளத்தாச்சி நோனாவுக்குக் குடுக்க வேணாம், ஹொந்தத?"

மாத்தயா நான், நோனா என் மனைவி, ஹொந்தத என்றால் சரியா என்று கேட்பது. கினியம் என்றால் சூடு. அந்தச் சொல் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். சும்மா சூடு இல்லை, சரியான சூடு. ஓட்டை அங்கேயே போட்டுவிட்டுக் காம்பராவுக்கு ஓடிவந்தேன். மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்டேன். "எதுக்கு வலிக்கணும்?" என்றாள். சொல்லியிருக்கலாம், அப்போதே. சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுத் தெரணியகலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு முஸ்லிம் முதலாளி சில்லறைக் கடை வைத்திருந்தார். நாலு ஊர் பார்த்தவர்.

"வாத்தியார், தூரியன் நெருப்பல்லவா! அதுக்கு மாத்து மங்குஸ்தான். அது ஒண்ணு திண்டா இது ஒண்ணும் செய்யாது. மலாய்க்காரங்க ரெண்டையும் சேத்துத்தான் திண்ணுறது."

ஒரு கூடை மங்குஸ்தானோடு திரும்பினேன். வரும் வழியில் தோட்டத்து மருந்துக்காரரை நிறுத்திக் கேட்டேன். அவர் கொழும்பில் படித்தவர், சிரித்துவிட்டு, "சூடு அடுப்புல இருக்கு வாத்தியார். பழத்துல ஏது?" என்றார். நிம்மதியாக இருந்தது. பத்தடி போனதும், போன தடவை கரு கலைவதற்கு முன்பும் இதே மனிதர்தான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. நிம்மதி போய்விட்டது. அடுத்த நாள் நாட்டில் சிங்கள வைத்தியரிடம் போனேன். அவர் எத்தனை சுளை என்று கேட்டார். மூன்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டு, கொத்தமல்லி அவித்த தண்ணீர் ஏழு நாள் என்றார். மூன்று பேர், மூன்று பதில். கேட்கக் கேட்கக் கால் இன்னும் ஓடியது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் மனுஷனாக இல்லை. காலையில் இளநீர், பிறகு மங்குஸ்தான், மாலையில் கொத்தமல்லித் தண்ணீர், உச்சந்தலைக்கு நல்லெண்ணெய். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பார்வை வாசலில் இருக்கும். லயத்துப் பக்கமிருந்து எந்தப் பெண் வேகமாக நடந்துவந்தாலும் சாக்குக்கட்டி கையிலிருந்து விழுந்துவிடும். வந்தவள் கோழியைத் தேடி வந்திருப்பாள். ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டை எட்டாக்கிச் சொல்லி முடித்து உட்கார்ந்தான். நான் "சபாஷ்" என்றேன். மனைவி எதையும் மறுக்கவில்லை. கொடுத்ததையெல்லாம் குடித்தாள். எதற்கு இந்தத் திடீர் உபசாரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தாம் நாள் தும்ம ஆரம்பித்தாள். சளி பிடித்துவிட்டது, நான் கொடுத்த குளிர்ச்சி அப்படி. உடனே எனக்கு அடுத்த பயம் பிடித்தது, இருமி இருமி வயிறு அதிர்ந்தால் என்ன ஆகும் என்று. சுக்குக் கஷாயம் வைக்கப் போனேன். சுக்கு சூடாயிற்றே என்று பாதியில் நிறுத்தினேன். அடுப்பின் முன்னால் சுக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே, மலை ஊற்றிலிருந்து இறங்கும் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் அவள் பயந்துவிடுவாள், பயமே பிள்ளைக்கு ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பூசி மெழுகுவதில் நான் கெட்டிக்காரன். அவள் பயப்படுவாள் என்பதைவிட, அவள் என்னைப் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பதுதான் என் பயம்.

எட்டாம் மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது வலி வந்தது. மழை ஓய்ந்து, சனங்கள் பால்வெட்டு முடிந்து வாளிகளோடு இறங்கிவருகிற நேரம். பக்கத்துக் காம்பராக்காரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கையசைத்தாள். அவள் கோழியைத் தேடி வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் போவதற்குள் காம்பரா நிறையப் பெண்கள். லயத்து மருத்துவச்சி உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஆம்பளை உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. மனைவி சுவரோடு சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாப் பிரசவத்திலும் தவறாமல் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"நாளு இன்னும் கெடக்கே தாயி. என்னத்தத் தின்ன?"

மனைவி ஒரு வலி தணியும்வரை காத்திருந்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அவரக் கேளுங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள். என்னை வாத்தியாரே என்றும் ஐயா என்றும் கூப்பிட்டு, நான் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறவர்கள். யாரும் ஒதுங்கவில்லை. மருத்துவச்சி மட்டும் எழுந்து வாசல்வரை வந்தாள்.

"என்ன குடுத்தீங்க வாத்தியாரே?"

"தூரியன்" என்றேன்.

ஒருத்தி வாயில் கைவைத்தாள். "முள்ளுப் பழத்தயா!"

"புள்ளத்தாச்சிக்கு அதக் குடுக்கலாம்னு யாருங்க சொன்னது?" என்றாள் மருத்துவச்சி.

நாட்டில் சொன்னார்கள், சிங்களவர் சொன்னார் என்று ஆரம்பிக்க வாய் தயாராகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல. நான் யாரையும் கேக்கல. கேட்டேன்னு அவகிட்டப் பொய் சொல்லிக் குடுத்தேன்."

மருத்துவச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அடி கொடுத்திருக்கலாம். "படிச்ச மனுசன்" என்றாள். அவ்வளவுதான். கதவை மூடினாள். இன்னொருத்தி எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தாளுதான் காரணம், ஆமா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பீலியடிக்கும் கதவுக்குமாக நடந்தேன். எத்தனை தடவை நடந்தேன் என்று லயத்துப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் காதுபடவே எண்ணினார்கள். அவர்களை அதட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உள்ளே சத்தம் கூடியது, அடங்கியது, மறுபடி கூடியது. எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நினைவில்லை. வேண்டும்போதும் நடந்துகொண்டேதான் இருந்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், பூனைக்குட்டியுடையது போல. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மருத்துவச்சி அதைப் பழஞ்சேலையில் சுற்றி, வெந்நீர் போத்தல்களை இரண்டு பக்கமும் அணைத்து வைத்தாள். மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றாள். என்னிடம் சொல்லவில்லை, கதவிடம் சொன்னாள். குழந்தை இன்றைக்கும் இருக்கிறாள். அவளுக்கே மூன்று பிள்ளைகள்.

பெண்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு என்னை உள்ளே விட்டார்கள். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் வெளுத்திருந்தது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"இப்பதானே தெரிஞ்சுது."

"அன்னிக்கே தெரியும். நீங்க என்னிக்கு ஒண்ண விசாரிச்சிட்டுத் தின்னிருக்கீங்க?"

"தெரிஞ்சுமா தின்ன?"

"ஆசயா இருந்துச்சு" என்றாள். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பிச் சேலையைச் சரிசெய்தாள். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன ரெண்டு தடவையும் என்னத்தத் தின்ன, என்னத்தத் தின்னன்னு எல்லாரும் என்னையத்தாங்க கேட்டாங்க. நான் ஒண்ணுமே தின்னல. சத்தியமாத் தின்னல. யாரும் நம்பல. இந்தத் தடவ உங்க கையால வாங்கித் தின்னா, கேக்குறவங்க உங்களக் கேக்கட்டும்னுதான் தின்னேன்."

"நாலு பேரு கேப்பாங்க. அதுக்கு என்ன செய்யிறது?" என்றேன்.

"நீங்களும் கேட்டீங்க" என்றாள்.

கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும், அவள் எழுந்து உட்காருவதற்கு முன்பே, முதல் ஆளாக.